பரண் காலியாகிறது

குரோம்பேட்டை வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துவிட்டோம். இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறார்கள், எங்களுக்கு ஒரு ஃபிளாட். அதுவரை அம்மா என்னோடு இருப்பாள். பில்டர் சொன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். சென்னையில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை மனப்பாடம் என்பதால் அதை விட்டுவிட்டு நேராகச் சாமானுக்கு வருகிறேன்.

பழைய பாத்திரம் எடுக்க வந்தவருக்கு உலகத்தில் மொத்தம் ஐந்து வகைச் சாமான்தான்: செம்பு, பித்தளை, எவர்சில்வர், அலுமினியம், தகரம். கூடத்தில் பரப்பி வைத்திருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்து குவியலாகப் பிரித்துவிட்டார். அம்மாவுக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. தராசுக்குப் போகும் ஒவ்வொன்றையும் வாங்கி, விளிம்பைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். எங்கள் குடும்பத்துக்கு எழுதிவைத்த வரலாறு என்று ஏதாவது இருந்தால், அது பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர்கள் எழுதியதுதான். எந்தச் சித்தி கல்யாணத்துக்கு யார் வைத்துக் கொடுத்தது, எந்தப் பிள்ளைக்கு எந்த வருஷம் காது குத்தியது, எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. எழுத்துக் கணக்கில் கூலி என்பதால் மனிதர்கள் எல்லாம் இனிஷியலாகச் சுருங்கியிருக்கிறார்கள். "இது யாருடி எஸ்.கே.?" என்றாள் அம்மா. எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியவில்லை. அரை மணி நேரம் யோசித்துப் பார்த்தும் எஸ்.கே. பிடிபடவில்லை.

"பேர் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே ரேட்டுதான்க்கா" என்றார் அவர், பொறுமையாக.

சின்ன வயதில் இதே தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கத்திக்கொண்டு வண்டி வரும். இப்போது ஜிபே. பேரீச்சம்பழத்தில் ஏமாந்தாலும் வாய்க்கு ஏதோ கிடைத்தது.

கூடத்துச் சாமானில் எனக்குப் பெரிய சங்கடம் இல்லை. அடுக்கு, அண்டா, இட்லிக் கொப்பரை, எல்லாம் போக வேண்டியதுதான். பரணில் இருந்ததை இறக்கியபோதுதான் கை நின்றது. பரணில் இருந்தது முக்கால்வாசி பயணச் சாமான். யோசித்தால் நியாயம்தான். தினமும் புழங்குவது கீழே இருக்கும், நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வேண்டியது மேலே போகும்.

நாலு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. அப்பா மத்திய அரசு குமாஸ்தா. எங்கள் வீட்டில் பண்டிகைக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்ட விஷயம் எல்.டி.சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊர், நாலு வருஷ பிளாக்கில் ஒருமுறை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ரயில் கட்டணம் சர்க்கார் கொடுக்கும். 1978–81, 1982–85, 1986–89 என்று பிளாக் கணக்கு எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வரும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வயதை வகுப்பு வைத்துச் சொல்வார்கள், நான் பிளாக் வைத்துச் சொல்வேன். டெல்லி பார்த்தது ஒரு பிளாக். காசி, கயா அடுத்த பிளாக், அதுவும் 1985 டிசம்பரில். அப்பா எப்போதும் கடைசி வருஷத்தின் கடைசி மாதத்தில்தான் விழித்துக்கொள்வார்.

முதலில் இறங்கியது டிரங்குப் பெட்டி. கறுப்புத் தகரம், மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அப்பாவின் இனிஷியல், கீழே 'மெட்ராஸ்-44'. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. பழைய புத்தகத்திலிருந்து கிளி, முயல் வரைக்கும் கிடைத்த இடம் அது. 1985 மே மாதக் கடைசியில் எரிந்துபோனது. அந்த டிசம்பரில் அதே பெட்டியைக் கூலிக்காரர் தலையில் ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்குள் போகும்போது அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அரக்கோணம் போகிறவர்கள் தினமும் அதன் மேல் நடக்கிறார்கள்.

அந்தக் கூலிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை பெட்டி நம் பாடு. அங்கே இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குள் நுழைகிற அந்தக் கொஞ்சத் தூரம்தான் பிராணன் போகும். பெட்டிக்குச் சக்கரம் கிடையாது. சூட்கேஸுக்குச் சக்கரம் வைக்கலாம் என்று அமெரிக்காவில் ஒருவர் யோசித்து 1972-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மனிதன் நிலவில் நடந்த பிறகுதான் அது தோன்றியிருக்கிறது. அது எங்கள் தெருவுக்கு வந்து சேர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக வரும் கூலிக்காரரிடம் அப்பா பேரம் பேசுவார். பேரம் படியாமல் அவர் நாலு அடி நடப்பார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே பெட்டியைத் தூக்குவார்கள். சக்கரம் வந்ததும் நமக்குத் தோள்வலி போச்சு, அவர்களுக்குப் பிழைப்பு போச்சு.

அடுத்து ஹோல்டால். காக்கி கான்வாஸ், இரண்டு முனையிலும் பை, நடுவில் மடக்கிச் சுருட்டித் தோல் வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு முனைப் பையில் தலையணை, இன்னொன்றில் செருப்பு, துண்டு, அம்மாவின் ஸ்வெட்டர். நடுவில் ஜமக்காளம், கம்பளி, போர்வை. கட்டுவது அப்பாவின் வேலை. சுருளின் மேல் முழங்காலை ஊன்றி, பக்கிளில் வாரை இழுத்து மாட்டுவதற்குள் வேர்த்துவிடும். பிரித்து விரித்தால் உள்ளே பாச்சா உருண்டை வாசனை இன்னும் இருக்கிறது. கொஞ்சம் கரி வாசனையும் இருப்பதாக அக்கா வீடியோ காலில் சொன்னாள். நியூ ஜெர்ஸியில் இருந்துகொண்டு எப்படி வாசனை பிடித்தாள் என்று கேட்கக் கூடாது.

இவ்வளவு படுக்கை எதற்கு என்று என் மகன் கேட்டான். மூன்றடுக்கு ஸ்லீப்பரில் பெர்த் என்றால் வெறும் பலகைதான் என்று சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. 1977-ல் ஜனதா ஆட்சியில் மது தண்டவதே ரயில்வே மந்திரியாக வந்து, இரண்டாம் வகுப்புப் பலகைக்கு இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட வைத்தார். முதல் வகுப்பைக் கீழே இறக்க வேண்டாம், இரண்டாம் வகுப்பை மேலே தூக்குவோம் என்பது அவர் கட்சி. அந்த மனிதருக்கு இந்த நாட்டில் சிலை வைத்திருக்கிறார்களோ இல்லையோ, முதுகுவலிக்காரர்கள் சார்பாக நான் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். மெத்தை எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. டெல்லிக்குப் போனபோது எங்களுக்கு வாய்த்தது பலகை. காசிக்குப் போனபோது மெத்தை இருந்தது. ஆனாலும் ஹோல்டால் வந்தது. வடக்கே டிசம்பர் குளிர், அதோடு அப்பாவின் பழக்கம்.

அப்போது எங்கள் வீட்டில் சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு மடக்கு நாற்காலி. ஆனால் ஊருக்குக் கிளம்பினால் பாதி வீடு கூடவே கிளம்பும். படுக்கை, தண்ணீர், சோறு, தட்டு, டம்ளர், திரி ஸ்டவ், அரிவாள்மணை கூட ஒரு தரம் வந்திருக்கிறது. இன்று அப்படியே தலைகீழ். மகன் ஒரே ஒரு முதுகுப் பையைப் போட்டுக்கொண்டு லடாக் போய்விட்டு வருகிறான். வீட்டிலோ நடக்க இடமில்லை.

கூஜாவுக்கு மட்டும் பாத்திரக்காரர் கொஞ்சம் மரியாதை கொடுத்தார். கனத்த பித்தளை, திருகு மூடி, மூடியையே டம்ளராக வைத்துக் குடிக்கலாம், உள்ளே ஈயம் பூசியது. ஈயம் தேய்ந்து பல வருஷம் ஆகிறது, பூசிக் கொடுக்கத் தெருவில் வருகிறவர்களும் இல்லை. இதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனில் இறங்கித் தண்ணீர் பிடித்துவரும் வேலை என்னுடையது. குழாயடியில் வரிசை நிற்கும், எஞ்சின் கூவும், அம்மா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கத்துவாள். பல்லார்ஷாவில் ஒரு தரம் ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து, முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி கையைப் பிடித்துத் தூக்கிப்போட, வேறு பெட்டியில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் வரை அம்மாவுக்கு உயிர் இல்லை. எனக்கு அந்தக் குடும்பம் கொடுத்த மூலி பராத்தா இருந்தது. 2003-ல் ரயில்வேயே ரயில் நீர் என்று பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள் ஓடும் ரயிலில் ஏற வேண்டியதில்லை, நல்லதுதான். கூஜாவை அக்கா கேட்டிருக்கிறாள். அங்கே குடை செருகி வைக்கப்போகிறாளாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. முதல் வேளை தயிர்சாதம், இரண்டாவது வேளை புளியோதரை, மூன்றாவதிலிருந்து நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, அதற்குமேல் முறுக்கும் கடவுளும். நாக்பூரில் ஆரஞ்சு. எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த இட்லியை எதிர் சீட்டு மராட்டிக்காரர்களுக்கு நீட்டும்போது எங்கள் வீட்டில் ஒரு பெருமை இருந்தது. இப்போது ஏ.சி. பெட்டியில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரவர் போனில் ஆர்டர் செய்ததைச் சாப்பிடுகிறோம். யாருக்கும் யாரும் நீட்டுவதில்லை.

டிரங்குப் பெட்டிக்குள் இருந்தவை: பெட்டியை சீட்டுக்கு அடியில் வளையத்தோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி, பூட்டு, பர்மா பஜாரில் வாங்கிய கேமரா, ரயில்வே டைம்டேபிள் சில, அப்பாவின் கணக்கு நோட்டு. கேமராவை என் மகன் எடுத்துக்கொண்டான். ஃபிலிம் ரோல் இப்போது ஃபேஷனாம், விலையைக் கேட்டேன், அப்பா இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். 36 படம் எடுக்க வேண்டிய ரோலில் ஓர் ஊரே அடங்க வேண்டும் என்பதால், எங்களை நிற்க வைத்துவிட்டு அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தில் எல்லாரும் வெயிலுக்கு முகம் சுளித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

கணக்கு நோட்டில் எனக்குப் பிடித்தது டிக்கெட் நம்பர்கள். அந்தக் காலத்து டிக்கெட் தடித்த அட்டை, எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த வடிவம், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது. ஊர் போய் இறங்கியதும் வாசலில் பரிசோதகர் வாங்கிக்கொள்வார். ஆனால் எல்.டி.சி. பில் போடும்போது அலுவலகத்தில் நம்பர் கேட்பார்கள். அதனால் அப்பா ரயில் ஏறியதும் முதல் காரியமாக நம்பரைக் குறித்துக்கொள்வார். டிக்கெட் ஒன்று கூட இல்லை. ஐந்து இலக்க நம்பர்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றோடு கூலி, காபி, குதிரை வண்டி, தேங்காய், 'பிச்சை 0.50'. கங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அனுமன் கட்டத்தில் பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடத்தைத் தேடிப்போய், சந்து சந்தாக எங்களை நடக்க வைத்தாரே, அதைப் பற்றியும் இல்லை. 'ரிக்ஷா 3.00' என்று மட்டும் இருக்கிறது. அது அந்த நாள்தான் என்று நான் நினைக்கிறேன்.

கயாவுக்கு வருகிறேன். கயாவில் பிண்டம் போட்டு முடித்து, அட்சய வடத்தின் அடியில் நின்று, ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று எதையாவது விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் தாத்பரியம். நம் ஜனங்கள் சும்மாவா? பாதிப் பேர் வாயில் வைக்காத காயாகப் பார்த்து விடுவார்கள். எங்கள் அத்தை கோவைக்காயை விட்டாள், அது அவள் சமையலறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. இலைக்கு எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஏதோ ஒரு காட்டு இலையைச் சொன்னார்கள். பாட்டி மட்டும் நிஜமாகவே பலாப்பழத்தை விட்டுவிட்டாள். பண்ருட்டிக்காரி. சம்பந்தி வீட்டிலிருந்து பழம் வரும், அவளே எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்து சுளை எடுத்து எல்லாருக்கும் கொடுப்பாள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள். சாகும்வரை அப்படித்தான். "வாசனை பிடிச்சா தோஷமில்லை" என்று ஒரு தரம் சொன்னாள்.

பரணைக் காலி செய்யும்போது அம்மாவுக்கு இது நினைவு வந்து, "வேண்டாததைத்தான் நாம எடுத்துப் போடறோம், கோவைக்காய் கணக்கா" என்றாள். சரிதான். மிக்ஸி வந்த பிறகு ஆட்டுக்கல்லை விட என்ன மனசு வேண்டும்?

மிச்சம் நின்றது கங்கைச் சொம்பு. விசுவநாதர் கோவில் சந்தில் வாங்குகிற குட்டிச் செப்புச் சொம்பு, மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். ஊருக்கு வந்து உறவுக்கெல்லாம் கொடுத்தது போக, ஒன்று பூஜை அலமாரியிலும் ஒன்று பரணிலுமாக இருந்தது. அலமாரிச் சொம்பைப் பாட்டி கடைசி மூச்சு விடும்போது உடைத்து வாயில் விட்டோம். அப்பாவுக்கு ஐ.சி.யூ.வில் அதற்கு அனுமதி இல்லை. பரண் சொம்பு அப்படியே இருக்கிறது. ஆட்டினால் சத்தம் கேட்கிறது. கங்கை நீர் கெடாது என்று அப்பா சொல்வதற்கு வேதம் ஆதாரம் இல்லை, ஹாங்கின். ஆக்ராவில் வேலை பார்த்த ஆங்கிலேய விஞ்ஞானி. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி பிழைப்பதில்லை என்று 1896-ல் எழுதியவர். அப்பா அவரைக் குலதெய்வம் போலச் சொல்வார். அப்போதிருந்த கங்கை வேறு, இப்போது ஓடுகிற கங்கை வேறு என்று நான் சொன்னால், "நம்ம சொம்பு எண்பத்தஞ்சாம் வருஷத்தது" என்பார்.

பாத்திரக்காரர் அதைக் கையில் எடுத்தார், ஆட்டினார், கீழே வைத்துவிட்டார். "இத நான் எடுக்க மாட்டேன்க்கா." ஐந்து வகைக்குள் அடங்காத ஒரே பொருள்.

முறைப்படி பார்த்தால் எங்கள் காசி யாத்திரையே இன்னும் முடியவில்லை. ராமேஸ்வரத்து மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கையைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் பூர்த்தி. எல்.டி.சி.யில் ஒரு பிளாக்குக்கு ஓர் ஊருக்குத்தான் சர்க்கார் காசு கொடுக்கும். ராமேஸ்வரம் அடுத்த பிளாக்குக்குத் தள்ளிப்போனது, அடுத்த பிளாக்கில் அக்கா கல்யாணம் வந்தது. அன்றைக்கு எழும்பூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, 1914-ல் கட்டிய பாம்பன் பாலத்தின் மேல் ஊர்ந்து போக வேண்டியிருந்திருக்கும். தீவுக்குச் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. இப்போது மீட்டர் கேஜும் இல்லை, அந்தப் பழைய பாலத்தில் ரயிலும் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறதாம். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்கும் தேதி பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறேன். சொம்பு கைப்பையில் வரும்.

டிரங்குப் பெட்டி தகரக் குவியலில் போனது. அதற்குக் கொடுத்த காசைச் சொன்னால் மூர் மார்க்கெட் ஆவிகள் சிரிக்கும்.

ஹோல்டாலை யாரும் எடுக்கவில்லை. பாத்திரக்காரருக்குத் துணி வேண்டாம், பேப்பர்காரருக்குக் கான்வாஸ் வேண்டாம். பழைய பொருள் விற்கிற ஓர் இணையதளத்தில் படம் போட்டால் 'விண்டேஜ்' என்று நல்ல விலைக்குப் போகும் என்றான் மகன். திண்ணையில் கிடந்தது. பின்பக்கச் சுவரை உடைக்க வந்த பையன்களில் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பீகார், சாப்ரா பக்கம். ஹிந்தி பிரசார சபா பிராத்மிக், மத்யமாவை எல்லாம் திரட்டி நான் அவனோடு பேசினேன். அவன் என் ஹிந்தியைப் பொறுக்க முடியாமல் தமிழுக்கு மாறிவிட்டான். ஊருக்குப் போகிறானாம், கங்கா காவேரியில். நாங்கள் காசிக்குப் போன அதே ரயில். இப்போது அது காசியைத் தாண்டிச் சாப்ரா வரை போகிறது.

ரிசர்வேஷன் இருக்கிறதா என்று கேட்டேன். ஜெனரல் பெட்டிதான் என்றான். ஏ.சி.யில் போகிற நாம் கவனிப்பதில்லை. சென்ட்ரலில் அந்த ரயில் கிளம்பும் நாளில் முன்பக்கமோ பின்பக்கமோ போய்ப் பாருங்கள். கம்பளிச் சுருள், பிரஷர் குக்கர், டேபிள் ஃபேன், இருபது லிட்டர் பெயின்ட் வாளிக்குள் துணிமணி, வாளி மூடிமேல் உட்கார்ந்து தூங்கும் பிள்ளைகள். பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு பயணம் போகிற வழக்கம் ஒழிந்துவிட்டது என்று மேலே ஏதோ எழுதினேனே, அது என் வீட்டுக்கு மட்டும் பொருந்தும். வழக்கம் அங்கேதான் இருக்கிறது. மது தண்டவதேயின் மெத்தைகூட அங்கே முழுசாகப் போய்ச் சேரவில்லை.

"இது எனக்கா?" என்றான். எடுத்துக்கோ என்றேன். அப்பா செய்தது போலவே முழங்காலை ஊன்றி வாரை இழுத்துப் பார்த்தான். ஒரு வார் கையோடு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டு, கட்டுக்கம்பி இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்றான். பிறகு, டிரங்குப் பெட்டிச் சாமானோடு தரையில் கிடந்த சங்கிலியைக் கண்ணால் காட்டினான். ராத்திரியில் ஜெனரல் பெட்டியில் சாமான் நிற்காதாம்.

சங்கிலியைக் கொடுத்தேன். பூட்டைக் கொடுக்கும்போதுதான், அதன் சாவி எங்கே போனதென்று அம்மாவைக் கேட்டேன். அவள் உள்ளேயிருந்து, "அதைக் கடைசியா உங்கப்பா கோட்டுப் பாக்கெட்ல பார்த்தேன், கோட்டு எங்க?" என்றாள். கோட்டை முந்தின வாரமே முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாயிற்று.

"பரவால்ல மேடம்," என்றான் அவன். "பூட்டு அங்க சென்ட்ரல் வாசல்லயே விக்கிறான்."